டிஎம்சி, கன அடி, செ.மீ, யூனிட்: செய்திகளில் வரும் அளவுகள் நிஜத்தில் எவ்வளவு? பள்ளி இயற்பியல் சொல்லும் எளிய கணக்கு

2023 ஆகஸ்ட் 29-ம் தேதி காவிரி நீர் மேலாண்மை ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாட்களுக்கு கர்நாடகா தமிழகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்பதுதான் அது. அதே மாதம் உச்ச நீதிமன்றத்தில் தமிழகம் கேட்டிருந்தது விநாடிக்கு 24,000 கன அடி. இன்னொரு பக்கம், மாதாந்திர அட்டவணைப்படி செப்டம்பருக்கு தமிழகத்துக்கு வர வேண்டிய பங்கு 36.76 டிஎம்சி.

5,000, 24,000, 36.76. மூன்றுமே ஒரே ஆற்றின் தண்ணீரைப் பற்றிய எண்கள். ஆனால் இதில் எது பெரியது, எது சின்னது, எவ்வளவு பற்றாக்குறை என்று செய்தியைப் பார்த்த உடனே சொல்ல முடிந்தவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்விக்கான பதில் பெரிய நீரியல் புத்தகத்தில் இல்லை. 9-ம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமான 'அளவீடு' பாடத்திலேயே இருக்கிறது. 'மதிப்பெண்ணுக்காக மட்டும்' என்று பலர் படித்துவிட்டுத் தாண்டிப் போகும் பாடம் அது. ஆற்று நீர்ப் பங்கீடு, மழை எச்சரிக்கை, கரன்ட் பில், இன்சுலின் ஊசி என எல்லாவற்றிலும் அந்தப் பாடம் எப்படி வேலை செய்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

அளவு என்றால் வெறும் எண் மட்டும்தானா?

இல்லை. இயற்பியலில் ஓர் அளவு என்பது இரண்டு பாகம் கொண்டது. ஒன்று எண், இன்னொன்று அலகு. '5' என்றால் எதுவுமே இல்லை. '5 கிலோகிராம்' என்றால் ஒரு சின்ன அரிசி மூட்டை. '5 கிராம்' என்றால் ஒரு டீஸ்பூன் உப்பு அளவு. எண் மாறவே இல்லை, பொருள் ஆயிரம் மடங்கு மாறிவிட்டது.

உலகம் முழுக்க ஏற்கப்பட்ட எஸ்.ஐ. முறையில் அடிப்படை அலகுகள் ஏழு: நீளத்துக்கு மீட்டர், நிறைக்கு கிலோகிராம், காலத்துக்கு விநாடி, மின்னோட்டத்துக்கு ஆம்பியர், வெப்பநிலைக்கு கெல்வின், பொருளின் அளவுக்கு மோல், ஒளிச்செறிவுக்கு கேண்டிலா. மற்ற அலகுகள் எல்லாம் இவற்றைப் பெருக்கியோ வகுத்தோ வருபவை. அவற்றை வழி அலகுகள் என்கிறது பாடநூல். வேகம் என்பது மீட்டரை விநாடியால் வகுத்தால் கிடைப்பது. பரப்பு என்பது மீட்டரை மீட்டரால் பெருக்கினால் கிடைப்பது.

இந்தப் பெருக்கலும் வகுத்தலும்தான் காவிரிச் செய்தியைப் புரிந்துகொள்வதற்கான சாவி.

கன அடிக்கும் டிஎம்சிக்கும் என்ன வித்தியாசம்?

டிஎம்சி என்பது தண்ணீரின் மொத்த அளவு. ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 100 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,830 கோடி லிட்டர். அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, ஒரு மாநிலத்தின் பங்கு எவ்வளவு என்பதை இதில்தான் சொல்கிறார்கள்.

'விநாடிக்கு இத்தனை கன அடி' என்பது தண்ணீர் ஓடும் வீதம். இதைத்தான் ஆங்கிலச் செய்திகள் க்யூசெக் என்கின்றன. ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். விநாடிக்கு ஒரு கன அடி என்றால் ஒவ்வொரு விநாடியும் ஒரு பெரிய தண்ணீர் கேன் அளவை விடக் கொஞ்சம் அதிகமான நீர் கடந்து போகிறது என்று அர்த்தம்.

இன்னும் சுலபமாகச் சொன்னால், வீட்டு மொட்டை மாடித் தொட்டியின் கொள்ளளவு டிஎம்சி மாதிரி. குழாயில் தண்ணீர் விழும் வேகம் கன அடி மாதிரி. 'தொட்டி பெரியதா, குழாய் பெரியதா?' என்று கேட்க முடியாது. 'குழாயை எவ்வளவு நேரம் திறந்து வைத்தால் தொட்டி நிறையும்?' என்றுதான் கேட்க முடியும். வீதத்தை நேரத்தால் பெருக்கினால்தான் மொத்த அளவு வரும்.

செய்திகளில் பல நேரம் 'விநாடிக்கு' என்ற சொல்லை விட்டுவிட்டு, '5,000 கன அடி தண்ணீர் திறப்பு' என்று மட்டும் எழுதப்படுகிறது. அலகில் பாதி காணாமல் போய்விடுவதால், அது மொத்த அளவா வீதமா என்ற குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் அந்த 5,000 கன அடி எவ்வளவு?

ஒரு நாளில் 86,400 விநாடிகள். விநாடிக்கு 5,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 43.2 கோடி கன அடி. அதாவது 0.432 டிஎம்சி. 15 நாட்களுக்கு 6.48 டிஎம்சி.

தமிழகம் கேட்ட 24,000 கன அடியை இதேபோல 15 நாட்களுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 31.1 டிஎம்சி வரும்.

செப்டம்பர் பங்கான 36.76 டிஎம்சியை 30 நாட்களுக்குப் பிரித்தால், சராசரியாக விநாடிக்கு சுமார் 14,180 கன அடி வீதம் மாதம் முழுக்க வந்துகொண்டே இருக்க வேண்டும். இப்போது மூன்று எண்களும் ஒரே அலகுக்கு வந்துவிட்டன. வழக்கமான ஆண்டின் பங்கு 14,180, கேட்டது 24,000, உத்தரவிடப்பட்டது 5,000. சண்டை எதைப் பற்றியது என்பது இப்போது யாருக்கும் புரியும்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு குறுக்குவழி உண்டு. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் சரியாக ஒரு டிஎம்சி. தோராயமாக '11,500 கன அடி, ஒரு நாள், ஒரு டிஎம்சி' என்று நினைவில் வைத்தால் போதும். அணைக்கு நீர்வரத்து 23,000 கன அடி, வெளியேற்றம் 11,500 கன அடி என்று செய்தி வந்தால், நாளைக்கு இதே நேரம் அணையில் ஒரு டிஎம்சி கூடியிருக்கும் என்று கணக்கு இல்லாமலேயே சொல்லிவிடலாம்.

ஒரு டிஎம்சி கூடினால், குறைந்தால் யாருக்கு என்ன?

2007-ல் காவிரி நடுவர் மன்றம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 192 டிஎம்சி தண்ணீர் தர வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைந்தது 14.75 டிஎம்சி. 'பதினஞ்சு கூட இல்லையே' என்று கேட்பதற்கு இது சின்ன எண்ணாகத் தெரியும்.

இங்கேதான் அலகு மாற்றம் உதவுகிறது. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒரு டிஎம்சி தண்ணீரை ஓர் அடி உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 22,950 ஏக்கர் நிலம் மூழ்கும். ஒரு போகம் நெல்லுக்கு மொத்தமாக 4 அடி உயர நீர், அதாவது சுமார் 1,200 மில்லிமீட்டர் தேவை என்று வைத்துக்கொண்டால், ஒரு டிஎம்சியில் ஏறக்குறைய 5,700 ஏக்கர் விளையும். அந்தக் கணக்கில் 14.75 டிஎம்சி என்பது சுமார் 84,000 ஏக்கர்.

மழையாகவும் நிலத்தடி நீராகவும் ஒரு பகுதி கிடைக்கும், கால்வாயில் ஒரு பகுதி வீணாகும் என்பதால் களத்தில் இந்த எண் கூடலாம், குறையலாம். ஆனாலும் தஞ்சை, திருவாரூர், நாகை விவசாயிகள் ஒவ்வொரு டிஎம்சிக்கும் ஏன் போராடுகிறார்கள் என்பது 14.75 என்ற எண்ணைவிட 84,000 ஏக்கர் என்ற எண்ணில் தெளிவாகத் தெரிகிறது.

அணையின் நீர்மட்டம் 100 அடி என்றால் எத்தனை சதவீதம்?

மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர்மட்டம் 100 அடி என்று செய்தி வந்தால், '120-க்கு 100, அப்போ 83 சதவீதம் தண்ணீர் இருக்கு' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. 100 அடியில் அணையில் இருப்பது சுமார் 65 டிஎம்சி. அதாவது 70 சதவீதத்துக்கும் குறைவு.

காரணம் என்ன? அணை ஒன்றும் நேரான சுவர் கொண்ட தொட்டி இல்லை. அடியில் குறுகலாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்கும் பள்ளத்தாக்கு அது. அதனால் அடியில் உள்ள 20 அடியை விட மேலே உள்ள 20 அடி பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். அடி என்பது நீளத்தின் அலகு. டிஎம்சி என்பது கன அளவின் அலகு. நீளத்தை வைத்து கன அளவை நேரடியாகச் சொல்ல முடியாது என்பது பாடநூலில் பரிமாணங்கள் என்ற தலைப்பில் வரும் அதே விஷயம்.

மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழையும் இதையொட்டியதுதான். ஓர் அடி என்பது 0.3048 மீட்டர். அதற்காக ஒரு கன அடி 0.3048 கன மீட்டர் ஆகிவிடாது. 0.3048-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 0.0283. கனம் எடுக்க மறந்தால் பத்து மடங்குக்கு மேல் தப்பு வரும்.

10 செ.மீ மழை என்றால் எவ்வளவு தண்ணீர்?

மழையைப் பொறுத்தவரை தலைகீழாக நடக்கிறது. பொழிவது கன அளவு. ஆனால் அதை நீளத்தில் சொல்கிறார்கள். ஏன்? ஓர் இடத்தில் பெய்த மழை எங்கும் ஓடாமல், பூமிக்குள் இறங்காமல் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் மழை அளவு. அந்த உயரம் சின்ன பாத்திரத்திலும் ஒன்றுதான், பெரிய மைதானத்திலும் ஒன்றுதான். அதனால்தான் மழைமானி எந்த அளவில் இருந்தாலும் ஒரே விடை கிடைக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு செ.மீ மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் ஒரு கோடி லிட்டர்.

பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அங்கு எல்லா இடத்திலும் 10 செ.மீ மழை பெய்தால் விழுவது 4,260 கோடி லிட்டர். அதாவது 1.5 டிஎம்சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டிஎம்சிதான். அந்த ஏரியின் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீரை ஒரே நாளில் நகரத்தின் தெருக்களில் கொட்டியதற்குச் சமம்.

வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 6.45 முதல் 11.55 செ.மீ வரை பெய்தால் கனமழை, 11.56 முதல் 20.44 வரை மிக கனமழை, அதற்கும் மேலே போனால் அதி கனமழை. 2023 டிசம்பர் 18-ம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவானது 95 செ.மீ. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கிட்டத்தட்ட 950 லிட்டர். அதி கனமழையின் எல்லையைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

ஆனால் மழைச் செய்தியில் கவனிக்க வேண்டியது நேரமும்தான். '10 செ.மீ மழை' என்று மட்டும் சொன்னால் அது பாதித் தகவல். ஒரு நாள் முழுக்க நிதானமாகப் பெய்த 10 செ.மீ வடிந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் கொட்டிய அதே 10 செ.மீ சுரங்கப்பாதையை மூழ்கடிக்கும். மொத்த அளவு ஒன்றுதான், வீதம் வேறு.

கிலோவாட் வேறு, யூனிட் வேறா?

ஆமாம். காவிரியில் கன அடிக்கும் டிஎம்சிக்கும் இருக்கும் அதே உறவுதான் மின்சாரத்தில் கிலோவாட்டுக்கும் யூனிட்டுக்கும். வாட் என்பது திறனின் அலகு, அதாவது ஆற்றல் செலவாகும் வீதம். மின் கட்டணத்தில் வரும் 'யூனிட்' என்பது கிலோவாட் மணி. அது ஆற்றலின் அலகு. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஜூல் கணக்கில் 36 லட்சம் ஜூல்.

1,500 வாட் இழுக்கும் ஏசி, முழு திறனில் 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட். 10 வாட் எல்இடி பல்பு ஒரு யூனிட் செலவழிக்க 100 மணி நேரம் எரிய வேண்டும். தமிழகத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். அந்த ஏசியை மட்டும் தினமும் இப்படி ஓட்டினால் அந்த இலவச 100 யூனிட் ஒன்பதாவது நாளே தீர்ந்துவிடும்.

மின் உற்பத்திச் செய்திகளிலும் இந்தக் குழப்பம் வரும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் அணு உலை 1,000 மெகாவாட். 'மூன்றில் இரண்டு பங்கு கூடங்குளம்' என்று சொல்லிவிடலாமா? முடியாது. அணு உலை 24 மணி நேரமும் முழு திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 2.4 கோடி யூனிட். சூரிய மின் தகடுகள் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 யூனிட் தரும் என்பது பொதுவான கணக்கு. 5 என்றே வைத்தாலும் 648 மெகாவாட் நிலையம் தருவது சுமார் 32 லட்சம் யூனிட். மெகாவாட்டில் மூன்றில் இரண்டு பங்கு, யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு. இரண்டு எண்களுமே உண்மைதான். ஆனால் ஒருவர் எதைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து வாதமே மாறிவிடும்.

1.5 டிகிரி வெப்பம் கூடினால் ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு?

கோடை வந்தால் 'வெயில் சதம் அடித்தது' என்று தலைப்பு வரும். அது 100 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் 37.8. அலகைச் சொல்லாமலேயே எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது, ஏனென்றால் 100 டிகிரி செல்சியஸில் தண்ணீர் கொதித்துவிடும்.

ஆனால் பருவநிலைச் செய்தியில் ஒரு பொறி இருக்கிறது. புவியின் சராசரி வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்த முயல வேண்டும் என்கிறது 2015 பாரிஸ் ஒப்பந்தம். இதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றச் சொன்னால், 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டும் பழக்கத்தில் 34.7 என்று விடை எழுதிவிடுவார்கள். சரியான விடை 2.7. இங்கே பேசுவது வெப்பநிலையை அல்ல, வெப்பநிலை வித்தியாசத்தை. வித்தியாசத்தில் அந்த 32 அடிபட்டுப் போய்விடும்.

அலகு தப்பானால் உயிருக்கே ஆபத்து வருமா?

வந்திருக்கிறது. 1983 ஜூலை 23. ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் மான்ட்ரியாலில் இருந்து எட்மண்டனுக்குக் கிளம்பத் தயாரானது. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. தேவை 22,300 கிலோ எரிபொருள். தொட்டியில் ஏற்கெனவே இருந்தது 7,682 லிட்டர். அப்படியானால் இன்னும் எத்தனை லிட்டர் நிரப்ப வேண்டும்?

லிட்டரைக் கிலோவாக மாற்ற அடர்த்தி வேண்டும். அந்த எரிபொருள் ஒரு லிட்டர் சுமார் 0.8 கிலோ. ஆனால் கணக்குப் போட்டவர்கள் பயன்படுத்திய எண் 1.77. அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். அந்த நிறுவனம் அப்போதுதான் பவுண்டில் இருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. எண்ணின் பக்கத்தில் அலகை யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

விளைவு, 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் மட்டுமே நிரப்பினார்கள். விமானத்தில் இருந்தது 22,300 கிலோ அல்ல, 22,300 பவுண்டு. தேவையில் பாதிகூட இல்லை. நடுவானில் இரண்டு இன்ஜின்களும் அடுத்தடுத்து நின்றன. விமானிகள் அதைக் கிளைடர் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

இரண்டாவது சம்பவத்தில் உயிர் போகவில்லை, விண்கலம் போனது. செவ்வாய்க்கு நாசா அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' 1999 செப்டம்பர் 23-ம் தேதி தொடர்பை இழந்தது. தரையில் இருந்த ஒரு மென்பொருள், உந்துவிசையின் தாக்கத்தை பவுண்டு-விநாடியில் கொடுத்தது. அதைப் பெற்றுக்கொண்ட குழு அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது சுமார் 4.45 நியூட்டன். மாதக்கணக்கில் இந்தச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போய், செவ்வாயில் இருந்து 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டிய கலம், 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கி அழிந்தது.

வீட்டுக்குள்ளேயே இந்த ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. இன்சுலின் போடும் வீடுகளில் கவனம் தேவை. இன்சுலினையும் 'யூனிட்' கணக்கில்தான் சொல்வார்கள். மின்சார யூனிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்ட இன்சுலினும் கிடைக்கிறது, 100 யூனிட் கொண்டதும் கிடைக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி என்பது வழக்கம்.

மருத்துவர் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லிலிட்டரைக் குறிக்கும். அதில் தவறுதலாக 100 வகை மருந்தை ஏற்றினால், உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்றிச் செய்தால், 100 சிரிஞ்சில் 20 கோடு வரை 40 வகை மருந்தை ஏற்றினால், போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை குறையாது. சிரிஞ்சில் தெரியும் எண் இரண்டு முறையும் 20தான்.

மருந்துக் குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பதும், புதிய வகை மருந்து வாங்கினால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்வதும் அவசியம். மாத்திரைகளிலும் மில்லிகிராம், மைக்ரோகிராம் இடையே வித்தியாசம் ஆயிரம் மடங்கு. தைராய்டு மாத்திரைகள் மைக்ரோகிராமில்தான் வருகின்றன.

மெட்ரிக் முறை வந்த பிறகும் பழைய அளவுகள் ஏன் இருக்கின்றன?

இந்தியா 1956-ல் எடை, அளவுத் தரச் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். கடையில் கிலோ, லிட்டர், மீட்டர் தவிர வேறு அளவில் விற்க முடியாது. நாட்டின் தர அலகுகளைப் பாதுகாப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 2019 மே 20 முதல் கிலோகிராமின் வரையறையே மாறிவிட்டது. பாரிஸ் அருகே பாதுகாக்கப்பட்ட உலோக உருளைக்குப் பதிலாக, பிளாங்க் மாறிலி என்ற இயற்கையின் மாறாத எண்ணை வைத்து அது வரையறுக்கப்படுகிறது.

ஆனாலும் மனை வாங்கப் போனால் சென்ட், கிரவுண்டு. நகைக் கடையில் சவரன், அதாவது 8 கிராம். உலகச் சந்தையில் தங்கத்துக்கு அவுன்ஸ், சுமார் 31.1 கிராம். ஆற்றுக்குக் கன அடி. அணைகளின் அளவுகோல்களும், ஆங்கிலேயர் காலத்து நதிநீர் ஒப்பந்தங்களும், பதிவேடுகளும் அடிக்கணக்கில் உருவானவை. நூறு ஆண்டுப் பதிவோடு ஒப்பிட வேண்டும் என்பதால் பொதுப்பணித் துறையிலும் அது நிலைத்துவிட்டது. பழைய அலகைப் பயன்படுத்துவதில் தவறில்லை. மாற்றத் தெரியாமல் பயன்படுத்துவதில்தான் சிக்கல்.

மாணவர்கள் எங்கே மதிப்பெண் இழக்கிறார்கள்?

நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 மதிப்பெண் கழிவு. இயற்பியல் கணக்கில் சூத்திரம் சரியாக இருந்தும் விடை தப்பாவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்:

• செ.மீ, கிராம், நிமிடம் ஆகியவற்றை மீட்டர், கிலோகிராம், விநாடிக்கு மாற்றாமலேயே சூத்திரத்தில் போடுவது.

• மணிக்கு 72 கிலோமீட்டர் என்பதை விநாடிக்கு மீட்டராக மாற்ற 5/18-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 18/5-ஆல் பெருக்குவது. சரியான விடை 20. தவறான விடை 259. விநாடிக்கு 259 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஜெட் விமான வேகம். விடை நம்பும்படி இருக்கிறதா என்று ஒரு நொடி பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

• ஆங்கிலச் சிறிய 'எம்' மில்லி, பெரிய 'எம்' மெகா. இரண்டையும் குழப்பினால் பிழை 100 கோடி மடங்கு.

• கால்குலேட்டர் காட்டும் எல்லா இலக்கங்களையும் அப்படியே எழுதுவது. கொடுத்த தகவல் மூன்று முக்கிய எண்ணுருக்களில் இருந்தால் விடையும் அந்தத் துல்லியத்தில்தான் இருக்க முடியும். 'சுமார் 10 மைல்' என்ற செய்தியை '16.09 கிலோமீட்டர்' என்று மாற்றி எழுதுவதும் இதே தவறுதான். 'சுமார் 16' என்பதே நேர்மையான மாற்றம்.

இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து, கணக்கின் ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் சேர்த்து எழுதுவது. லிட்டரை, 'லிட்டருக்கு இத்தனை பவுண்டு' என்பதால் பெருக்கினால் பவுண்டுதான் மிஞ்சும், கிலோ மிஞ்சாது. அந்தக் கணக்குத் தாளில் ஒருவர் இதை எழுதியிருந்தால் அந்த விமானம் முழு எரிபொருளுடன் கிளம்பியிருக்கும்.

செய்தியில் ஓர் எண் வந்தால் என்ன கேட்க வேண்டும்?

நான்கு கேள்விகள் போதும்.

1. இது மொத்த அளவா, வீதமா? கன அடியா டிஎம்சியா, மெகாவாட்டா யூனிட்டா?

2. வீதம் என்றால் எவ்வளவு நேரத்துக்கு? ஒரு நாளா, 15 நாளா, ஓர் ஆண்டா?

3. ஒப்பிடும் இரண்டு எண்களும் ஒரே அலகில் இருக்கின்றனவா?

4. தெரிந்த ஒரு பொருளோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு? எத்தனை ஏக்கர், எத்தனை லிட்டர், எத்தனை நாள் பயன்பாடு?

டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஜூன் மாதத்துக்கு கர்நாடகா தர வேண்டிய பங்கு 9.19 டிஎம்சி, ஜூலைக்கு 31.24 டிஎம்சி. அதாவது ஜூனில் சராசரியாக விநாடிக்கு சுமார் 3,550 கன அடியும், ஜூலையில் சுமார் 11,660 கன அடியும் பிலிகுண்டுலுவில் வர வேண்டும். அடுத்த முறை '8,000 கன அடி தண்ணீர் திறப்பு' என்ற செய்தி வரும்போது, அது ஜூன் மாதம் என்றால் பங்கை விட அதிகம், ஜூலை என்றால் பற்றாக்குறை. இதை முடிவு செய்ய யாருடைய பேட்டிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 86,400-ஆல் பெருக்கத் தெரிந்தால் போதும்.